மென்டரையும் மாணவரையும் இணைப்பது எப்படி: திருகோணமலை வணிக மாணவர்களுக்காக ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது வருடம் வேலை பார்த்த ஒரு முகாமையாளரை மென்டராக, அதாவது தன் அனுபவத்தை வைத்து வழிகாட்டுபவராக எடுத்து, அவரையும் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படிக்கிற ஒரு மாணவரையும் சில மாதங்களுக்குச் சேர்த்துவிடுவது வெளியே இருந்து பார்த்தால் சின்ன வேலை. இரண்டு பேரின் போன் நம்பரையும் மாற்றிக் கொடுத்தால் முடிந்தது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நானும் நண்பர்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். முதல் சந்திப்பு எல்லாருக்குமே நன்றாக நடந்தது, சிரித்துக்கொண்டு படமும் எடுத்தார்கள், ஆனால் பாதிக்கும் மேற்பட்ட சோடிகள் இரண்டாவது முறை சந்திக்கவேயில்லை. சண்டை இல்லை, குறை சொன்னவர் யாரும் இல்லை, சத்தமில்லாமல் நின்றுபோனது.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று தொகுதி மாணவர்களோடு செய்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: இந்த உறவு பிழைப்பதும் சாவதும் முதல் சந்திப்புக்கும் இரண்டாவது சந்திப்புக்கும் நடுவில் வருகிற இரண்டு மூன்று கிழமையில்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இடைவெளியை மாணவர் தாண்ட வேண்டும் என்பதற்காக அடுக்கியவை, அதனால் ஒழுங்கை மாற்றாதீர்கள். ஒழுங்கு செய்கிற விரிவுரையாளர்களையும் பழைய மாணவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மென்டராக இருக்கப் போகிறவர் 6, 8, 10 ஆகிய பகுதிகளையும் மாணவர் 3, 7, 9 ஆகியவற்றையும் கட்டாயம் படிக்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பொறுப்பாக ஒரு ஆள். குழு போதாது, பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரே ஒரு ஆள் வேண்டும். குழுவாகப் பொறுப்பெடுத்தால், ஒரு சோடி பத்து நாளாகப் பேசவில்லை என்று தெரிந்தாலும் யார் போன் எடுப்பது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், நாலைந்து மாதத்துக்கு ஒதுக்கக்கூடியவராக இருந்தால் சரி.

அடுத்தது பீடத்தின் அனுமதி, எழுத்தில். வங்கி முகாமையாளர் வேலை நேரத்தில் ஒரு மாணவரைச் சந்திக்கத் தன் மேலிடத்தில் கேட்டால் காட்டுவதற்கு ஒரு கடிதம் தேவை. வீட்டிலும் கேட்பார்கள், யார் அந்த சேர், எதற்குப் போகிறாய் என்று. கடிதத்தைக் காட்டினால் அம்மா அப்பாவுக்கும் நிம்மதி.

சந்திப்பதற்குப் பகல் நேரத்தில் ஆட்கள் நடமாடுகிற இடம் வேண்டும். வளாகத்திலேயே ஒரு வாசிப்பறை, மென்டரின் அலுவலகத்தில் கதவு திறந்திருக்கும் அறை, டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடை, இவை எல்லாம் சரி. யாருடைய வீடும் வேண்டாம். இந்த விதியை வாயால் சொல்லாமல் இரண்டு பக்கத்துக்கும் எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் வாயால் சொன்னது மரியாதைக்காக விட்டுக்கொடுக்கப்பட்டுவிடும்.

அப்புறம் ஒரு கொப்பி, சோடியின் பெயர், சந்தித்த திகதி, அடுத்த திகதி என்று மூன்று கோடு போட்டது. கொஞ்சம் பஸ் காசு. மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிற பிள்ளைக்கும் புல்மோட்டையிலிருந்து வருகிற பிள்ளைக்கும் ஒரு சந்திப்பு என்றால் அரை நாளும் அன்றைய சாப்பாட்டுக் காசும் போகும், அதை அவர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள், வராமல் விட்டுவிடுவார்கள்.

1. எந்த ஆண்டு, எத்தனை பேர்

மூன்றாம் ஆண்டு மாணவர்களை எடுங்கள். முதலாம் ஆண்டில் தனக்குக் கணக்கியல் சரிவருமா சந்தைப்படுத்தல் சரிவருமா என்றே பிள்ளைக்குத் தெரியாது. இறுதியாண்டில் ஆய்வு அறிக்கை, பயிற்சி, வேலை விண்ணப்பம் என்று தலைக்கு மேல் வேலை இருக்கும், மென்டரைப் பார்த்தாலே வேலை எடுத்துத் தருவாரா என்ற ஒரே கேள்விதான் வரும். மூன்றாம் ஆண்டில் பாடமும் ஓரளவு பிடிபட்டிருக்கும், கேட்டதை வைத்துப் பாதையை மாற்றிக்கொள்ளவும் நேரம் மிச்சம் இருக்கும்.

முதல் தடவை பத்துப் பன்னிரண்டு சோடிக்கு மேல் போக வேண்டாம். பன்னிரண்டு பேரை ஒருவர் போனில் பின்தொடரலாம், நாற்பது பேரை முடியாது. நிறையப் பேர் விண்ணப்பித்தால் கவலையாகத்தான் இருக்கும், இருந்தாலும் மிச்சப் பேரை அடுத்த தடவைக்கு எழுதி வையுங்கள்.

2. காலண்டரை முதலில் போடுங்கள்

மென்டரைத் தேடுவதற்கு முன்னால் காலண்டர். இந்த ஊரில் ஒவ்வொரு தொழிலுக்கும் மூச்சு விட முடியாத மாதம் வேறு வேறு. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரர்களுக்கு ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை சீசன், அந்த நேரம் அவர்களிடம் ஒரு மணித்தியாலம் கேட்பது அநியாயம். நவம்பரில் மழை பிடித்த பிறகு அதே ஆட்கள் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசுவார்கள். வங்கிகளுக்கு டிசெம்பர் 31 உடன் நிதியாண்டு முடிகிறது, வேறு பல கம்பனிகளுக்கு மார்ச் 31. அந்தந்த முடிவுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் கணக்குப் பகுதி ஆட்களைத் தொடவே வேண்டாம். மாத முடிவுக் கிழமையும் அப்படித்தான்.

இதன் மேல் மாணவர்களின் பரீட்சை, நோன்பு மாதம், கோணேசர் கோயில் பங்குனித் திருவிழா, சித்திரைப் புத்தாண்டு லீவு எல்லாவற்றையும் குறியுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை இருக்கிறது, அந்த நேரத்துக்கு எதையும் வைக்காதீர்கள். இதையெல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால் தொடர்ச்சியாக நான்கு மாதம் கிடைப்பதே பெரிய விஷயம் என்று தெரியும். ஹோட்டல் ஆட்களை ஒரு பருவத்திலும் வங்கி ஆட்களை இன்னொரு பருவத்திலும் எடுத்தால் பிரச்சினை பாதி தீரும்.

நான்கு மாதம், நான்கு சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இதற்கு மேல் கேட்டால் நல்ல மென்டர்கள் பின்வாங்குவார்கள், குறைத்தால் பழக்கமே வராது.

3. மாணவர் தன் கேள்வியை எழுத வேண்டும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். மென்டர் யார் என்று தெரிவதற்கு முன்னால் மாணவர் ஒரு பக்கம் எழுத வேண்டும்: நான் எங்கே இருந்து வருகிறேன், இதுவரை என்ன செய்திருக்கிறேன், எதில் குழம்பி நிற்கிறேன். பக்கத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் "நான் வாழ்க்கையில் எப்படி வெற்றி பெறுவது" என்ற மாதிரித்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள், கோபப்படாமல். அந்தக் கேள்விக்கு எவ்வளவு பெரிய முகாமையாளரும் ஒரு பிரசங்கம்தான் பதிலாகத் தர முடியும். இரண்டாவது மூன்றாவது முறை எழுதும்போதுதான் உண்மையான கேள்வி வெளியே வரும். "வாப்பாவின் கருவாட்டு வியாபாரத்தில் காசு சுழல்கிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை, ஏன்?" என்று ஒரு மாணவர் எழுதினார். "ஆங்கிலத்தில் பாடம் எழுதி நல்ல புள்ளி எடுக்கிறேன், ஆனால் நேர்முகத் தேர்வில் வாய் வருவதில்லை" என்று இன்னொரு பிள்ளை. "வீட்டில் அரசாங்க வேலைக்கு இரு என்கிறார்கள், எனக்குத் தனியார் துறை விருப்பம், எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?" இது அநேகமாக ஒவ்வொரு தொகுதியிலும் வருகிறது.

இப்படிக் கேள்வி கையில் இருந்தால் யாரை மென்டராகத் தேட வேண்டும் என்பது தானாகத் தெரியும். கேள்வி இல்லாமல் தேடினால் பதவி பெரிதாக இருப்பவரைத்தான் தேடிப் போவீர்கள்.

4. மென்டரைத் தேடுவதும் கேட்பதும்

ஆட்கள் இல்லாத ஊர் இல்லை இது. சீனக்குடாப் பக்கம் மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கின்றன, சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, துறைமுகம், புல்மோட்டைக் கனிய மணல், கரையோரம் முழுக்க ஹோட்டல், டவுனுக்குள் வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும், மொத்த வியாபாரிகளும் மீன் ஏற்றுமதி செய்பவர்களும். ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர்களை மறக்காதீர்கள், அவர்களிடம் நேரமும் இருக்கிறது, கடன் கொடுத்துத் திரும்பி வராமல் போன கதைகளும் நிறைய இருக்கின்றன, அந்தக் கதைகளுக்குப் பாடப்புத்தகத்தில் இடம் இல்லை. கொழும்பில் வேலை செய்கிற பழைய மாணவர்கள் சூமில் வரலாம், ஆனால் முதல் சந்திப்பையாவது அவர்கள் ஊருக்கு வரும் நாளில் நேரில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடத்துக்கு மேல் அனுபவம், கீழே ஆட்களை வைத்து வேலை வாங்கிய பழக்கம், தான் விட்ட பிழையைப் பேசத் தயங்காத மனம், இந்த மூன்றும் போதும். மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம். அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு கேள்வி கேட்பேன்: "சேர், வேலையில் நீங்கள் எடுத்த ஒரு முடிவை இப்போது என்றால் மாற்றி எடுப்பீர்களா?" உடனே ஒன்று சொன்னால் அவர் நல்ல மென்டர். "அப்படி ஒன்றும் இல்லை" என்றால் அவரை விருந்தினர் உரைக்கு அழையுங்கள், அங்கே அவர் நன்றாகப் பயன்படுவார்.

கேட்கும்போது எல்லையைத் தெளிவாகச் சொல்லுங்கள். நான்கு மாதம், நான்கு மணித்தியாலம், நன்கொடை கேட்கமாட்டோம், வேலையோ பயிற்சி இடமோ தர வேண்டிய கடமை இல்லை. கடைசி வரி மிக முக்கியம். கம்பனியில் இருப்பவர் ஒரு மாணவரைச் சந்திக்கப் பின்வாங்குவது பெரும்பாலும் பின்னால் வேலை கேட்டு வருவார்களே என்ற பயத்தில்தான்.

5. சோடி சேர்ப்பது

மாணவரின் கேள்வியைப் படித்து மென்டரின் அனுபவத்தோடு பொருத்துங்கள். கருவாட்டு வியாபாரக் கேள்வி எழுதிய பிள்ளைக்குத் தொழிற்சாலை நிறைவேற்று அதிகாரியை விட, சின்ன வியாபாரங்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய வங்கிக்காரர் பொருத்தம்.

மொழியையும் பாருங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், வெட்கமான கேள்வியை ஒரு பிள்ளை தன் தாய்மொழியில்தான் கேட்கும். தமிழ் மாணவருக்குச் சிங்கள மென்டர் அமைவதும் மறுபக்கமும் நல்லதுதான், வேலை இடத்தில் அதுதான் நிஜம், ஆனால் இரண்டு பேரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு சேருங்கள். மாணவிக்குப் பெண் மென்டர் கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு மாணவிகளை ஒரே மென்டரோடு சேர்த்துவிடலாம், அது எங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது.

சேர்க்கக் கூடாத சோடிகளும் உண்டு. சொந்தக்காரர் வேண்டாம். மாணவரின் அப்பா கடன் எடுத்திருக்கிற கிளையின் முகாமையாளர் வேண்டாம், வீட்டு விஷயத்தைப் பிள்ளை வாய் திறந்து பேசாது. அதே மாணவரை அடுத்த வருடம் பயிற்சிக்கு எடுத்து மதிப்பெண் போடப் போகிறவரும் வேண்டாம்.

6. மென்டர்களுக்கு ஒரு மணித்தியாலம்

இருபது வருட அனுபவம் இருந்தாலும் மென்டராக இருப்பது புது வேலை, அதனால் தொடங்கும் முன் ஒரு மணித்தியாலம் எல்லா மென்டர்களையும் சேர்த்து உட்கார வையுங்கள். நான் சொல்வது நான்கே விஷயம்.

தொடக்கச் சாதாரணப் பேச்சு முடிந்ததும் இருபது நிமிடம் மாணவர்தான் பேச வேண்டும். அவர் பேசாமல் இருந்தால் அமைதியைத் தாங்கிக்கொள்ளுங்கள், நிரப்பாதீர்கள். எங்கள் பிள்ளைகள் "சேர்" முன்னால் வாய் திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், நீங்கள் நிரப்பத் தொடங்கினால் அந்த மணித்தியாலம் முழுக்க நீங்கள்தான் பேசுவீர்கள்.

அறிவுரைக்கு முன்னால் கேள்வி. "நீங்கள் இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்ற ஒன்று போதும், பாதிப் பேச்சை அது கொண்டுபோகும்.

கேட்டது வெளியே போகக் கூடாது. சின்ன ஊர். ஒரு மென்டர் நல்ல எண்ணத்தில், மாணவரின் வீட்டுக் கஷ்டத்தைத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி உதவி கேட்டார். அடுத்த கிழமையே அது பிள்ளையின் காதுக்குத் திரும்பி வந்தது, அதோடு அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிட்டது. உதவி செய்ய வேண்டும் என்றாலும் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான்.

வேலை பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். "பார்ப்போம்" என்று நீங்கள் மரியாதைக்குச் சொல்வதை வீட்டில் நிச்சயமான வேலையாக எடுத்துக்கொள்வார்கள். தர முடியாது என்றால் முதல் நாளே நேராகச் சொல்லுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

7. மாணவர்களுக்கு அரை நாள்

இவர்களுக்கு அதிக நேரம் தேவை, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அலுவலகத்துக்குள் விருந்தாளியாகப் போகப் போகிறார்கள். பயம் நியாயமானது.

முதல் வட்ஸ்அப் செய்தியை எல்லோரையும் அங்கேயே எழுத வையுங்கள். பெயர், படிக்கும் ஆண்டு, யார் அறிமுகப்படுத்தியது, தான் யோசிக்கும் இரண்டு நேரம். "வணக்கம் சேர், நான் மூன்றாம் ஆண்டு வணிக முகாமைத்துவ மாணவி. பீடத்தின் மென்டர் ஒழுங்கில் உங்களோடு என்னைச் சேர்த்திருக்கிறார்கள். வரும் செவ்வாய் அல்லது புதன் பிற்பகல் 3 மணிக்கு உங்களைச் சந்திக்க முடியுமா?" இவ்வளவு போதும். இரண்டு நேரம் கொடுப்பது ஏன் என்றால், "எப்போது வசதி சேர்?" என்று கேட்டால் வேலையில் இருப்பவர் பிறகு பார்த்துப் பதில் போடலாம் என்று விட்டுவிடுவார், அது அப்படியே கீழே போய்விடும். செவ்வாயா புதனா என்றால் ஒரு சொல்லில் பதில் வந்துவிடும்.

பஸ்ஸைப் பற்றியும் பேசுங்கள். வளாகம் இருக்கிற கோணேசபுரியிலிருந்து டவுனுக்கு வருவதற்குள் ஒரு பஸ்ஸை விட்டால் சந்திப்பே போய்விடும், ஒரு பஸ் முன்னால் வந்து வெளியே காத்திருப்பது நல்லது. பிந்தினால் பிந்துகிறது என்று தெரிந்த நிமிடமே செய்தி அனுப்ப வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு சொல்லும் மன்னிப்புக்கு அதில் பாதி மதிப்புத்தான்.

அப்புறம் கொப்பி, பேனை. போனில் குறிப்பெடுத்தால் எதிரே இருப்பவருக்கு வேறு யாருடனோ பேசுகிற மாதிரித் தெரியும்.

8. முதல் சந்திப்பு, நிமிடக் கணக்கில்

முதல் பத்து நிமிடம் ஊர், குடும்பம், படிப்பு என்று சாதாரணப் பேச்சு. அடுத்த இருபது நிமிடம் மாணவர் தன் ஒரு பக்கத்தை வைத்துப் பேசுகிறார். பிறகு இருபது நிமிடம் மென்டர் கேள்வி கேட்கிறார், தன் அனுபவத்தில் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறார். கடைசிப் பத்து நிமிடத்துக்கு இரண்டு வேலை, அதைத் தவறவிட்டால் முழுச் சந்திப்பும் வீண்: அடுத்த சந்திப்பின் திகதியும் நேரமும் இரண்டு பேர் போனிலும் ஏற வேண்டும், மாணவருக்கு ஒரு சின்ன வேலை கொடுக்க வேண்டும்.

வேலை சின்னதாக இருக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் மென்டர்கள் பெரிதாகத்தான் கொடுக்கிறார்கள். "ஒரு வியாபாரத் திட்டம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றால் பிள்ளை தொடங்கவே தொடங்காது. "வாப்பாவின் கடையில் ஏழு நாள், ஒவ்வொரு நாளும் வந்த காசையும் போன காசையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றால் செய்யும். ஒரே மாலையில் தொடங்கக்கூடியதாக இருக்க வேண்டும், இதுதான் அளவு.

9. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்

இனித்தான் உங்கள் உண்மையான வேலை.

எப்படி நின்றுபோகிறது என்று பல சோடிகளிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன், கதை ஒன்றுதான். மாணவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார். மூன்று நாளைக்கு அந்த வேலையைத் தொடவில்லை, ஏதோ ஒரு ஒப்படை வந்துவிட்டது. ஒரு கிழமை ஆகிறது. செய்யாமல் எப்படி சேருக்குச் செய்தி போடுவது என்று வெட்கம். பதினைந்து நாளில் அந்த வெட்கம் வளர்ந்து, மென்டரின் பெயரைப் போனில் பார்த்தாலே நெஞ்சு அடிக்கிற அளவுக்கு வந்துவிடுகிறது. மறுபக்கம் மென்டர், பிள்ளைக்கு விருப்பம் இல்லைபோல, நான் ஏன் தொல்லை கொடுக்க வேண்டும் என்று பேசாமல் இருக்கிறார். இரண்டு பேரும் மற்றவருக்கு மரியாதை கொடுத்துத்தான் மௌனமாக இருக்கிறார்கள். எனக்கு இதில் மனம் கனத்துப்போவது, யாருடைய மனதிலும் கெட்ட எண்ணம் இல்லாமலே ஒரு நல்ல உறவு போய்விடுகிறது என்பதுதான்.

இதற்கு நாங்கள் செய்வது மூன்று.

முதல் சந்திப்பு முடிந்த அன்றிரவே மாணவர் மூன்று வரி அனுப்ப வேண்டும்: நன்றி, நான் எடுத்துக்கொண்ட ஒரு விஷயம், நான் செய்யப் போகிற வேலை. இதை எழுத வைத்தால் பிறகு செய்தி அனுப்புவதற்கான கதவு திறந்தே இருக்கும், முதல் செய்தியை அனுப்புகிற பயம் போய்விடும்.

ஐந்தாம் நாள் மாணவர் இன்னொரு செய்தி அனுப்ப வேண்டும், வேலை செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும். செய்யவில்லை என்றால் அதையே எழுத வேண்டும்: "சேர், இன்னும் தொடங்கவில்லை, இந்தக் கிழமை ஒப்படை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன்." மாணவர்களுக்கு நான் சொல்வது, செய்யாத வேலையோடு போவதற்கு உங்களுக்கு முழு அனுமதி இருக்கிறது, சொல்லாமல் விடுவதற்குத்தான் அனுமதி இல்லை. மென்டர்களிடமும் இதைச் சொல்லி வைக்கிறேன், அந்த மாதிரிச் செய்தி வந்தால் "சரி தம்பி, சரி தங்கச்சி, ஞாயிறு பார்ப்போம்" என்று பதில் போடுங்கள், அந்த ஒரு பதில் போதும் என்று.

பத்தாம் நாள் ஒழுங்கு செய்பவர் இரண்டு பேருக்கும் போன் எடுக்க வேண்டும். செய்தி வேண்டாம், போன். மாணவரிடம் முதலில். "வேலை எந்த அளவில் இருக்கிறது?" என்று கேளுங்கள், "செய்துவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு வெட்கப்படுகிற பிள்ளை "ஓம் சேர், செய்கிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். தடங்கல் தெரிந்தால் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், ஏழு நாள் கணக்கு முடியாது என்றால் மூன்று நாள். பிறகு மென்டருக்கு எடுத்து, பிள்ளை வருகிறது, கொஞ்சம் குறைவாகத்தான் செய்திருக்கிறது, ஆனால் வருகிறது என்று சொல்லுங்கள்.

இரண்டாவது சந்திப்பு முதல் சந்திப்பிலிருந்து 21 நாளுக்குள் நடக்க வேண்டும். அதைத் தாண்டினால் மறுபடி முதல் சந்திப்பு மாதிரியே தொடங்க வேண்டியிருக்கும்.

10. இரண்டாவதும் மூன்றாவதும்: தாளை மேசையில் வைத்துப் பேசுங்கள்

இந்தச் சந்திப்புகளில் நடுவில் ஒரு தாள் இருக்க வேண்டும், எண்கள் எழுதிய தாள். தாள் இருந்தால் இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பேசுவார்கள், ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஒரு ஹோட்டல் முகாமையாளர் செய்ததை உதாரணத்துக்குச் சொல்கிறேன், எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை. எட்டு அறை உள்ள ஒரு விருந்தினர் விடுதி. ஓகஸ்டில் 31 நாள், எட்டு அறைக்கும் சேர்த்து விற்கக்கூடியது 248 அறை இரவுகள், அதில் 186 விற்றது, அதாவது 75 சதவீதம். இரவுக்கு 9,000 ரூபாய் என்றால் 16,74,000. நவம்பரில் 240 அறை இரவுகளில் 36 தான், 15 சதவீதம், விலையும் 5,500 க்கு இறங்கிவிட்டது, மொத்தம் 1,98,000. ஆள் சம்பளம், கடன் தவணை, குறைந்தபட்ச மின்சாரம் எல்லாம் ஆளே வராவிட்டாலும் மாதம் 3,50,000. நவம்பரில் 1,52,000 துண்டு விழுகிறது. இந்த இடத்தில் நிறுத்தி, "டிசெம்பர், ஜனவரியும் இப்படியே போனால் ஓகஸ்ட் காசில் எவ்வளவை நீங்கள் தொடாமல் வைக்க வேண்டும்?" என்று கேட்டார். மாணவி கணக்குப் போட்டு 4,56,000 என்றார். காசோட்டக் கூற்று (காசு வருவதையும் போவதையும் காட்டும் கணக்கு) என்று மூன்று வருடமாகப் படித்தது அந்த நிமிடம்தான் அவருக்கு நிலாவெளிக் கரையில் நிற்கிற ஒரு கட்டடமாகத் தெரிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வேலைக்குப் போக நினைக்கும் மாணவர் என்றால் சம்பளத் தாளை எடுத்து வையுங்கள், பெயரை மறைத்துவிட்டு. 60,000 சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 4,800 கழியும். முதலாளி அதே நிதிக்கு 12 சதவீதம் 7,200 போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் 1,800. கையில் வருவது 55,200, ஆனால் கம்பனிக்குச் செலவு 69,000. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்த மாணவர் நேர்முகத் தேர்வில் சம்பளம் பேசும்போது தடுமாறமாட்டார், இந்தக் கொடுப்பனவுகளைப் போடாத இடத்தையும் அடையாளம் கண்டுகொள்வார்.

ஆங்கிலப் பேச்சுத்தான் கேள்வி என்றால் மூன்றாவது சந்திப்பைப் போலி நேர்முகமாக நடத்துங்கள், அலுவலக மேசையிலேயே, பத்து நிமிடம். பிழை திருத்தம் கடைசியில், நடுவில் வேண்டாம்.

ஒரு சந்திப்பையாவது வேலை நடக்கும் இடத்தில் வையுங்கள். களஞ்சியத்தில் மூட்டை எண்ணுவதைப் பார்ப்பது, காலையில் ஹோட்டல் சமையலறைக்கு மீன் வந்து நிறுக்கிறதைப் பார்ப்பது. தொழிற்சாலை, துறைமுகம் என்றால் உள்ளே போகும் அனுமதியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், வாசலில் நின்று திரும்பி வரும் பிள்ளைக்கு அது பெரிய அவமானம்.

11. சிக்கல் வந்தால்

ஒத்துவராத சோடி இருக்கும். இரண்டாவது சந்திப்புக்குப் பிறகு இரண்டு பேரிடமும் தனித்தனியாக, தொடர விருப்பமா என்று கேளுங்கள். இல்லை என்றால் காரணம் கேட்டு இழுக்காமல் மாற்றிக் கொடுங்கள்.

மென்டர் மாணவரைத் தன் அலுவலகத்துக்கு இலவச வேலைக்காரராக்கினால், தரவு அடிக்கச் சொன்னால், வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் கேட்டால், அது நீங்கள் பேச வேண்டிய விஷயம், மாணவர் பேச வேண்டியது இல்லை. அவரால் "முடியாது சேர்" என்று சொல்ல முடியாது. காசு கொடுக்கல் வாங்கல் எந்தப் பக்கமும் வேண்டாம். இரவில் தேவையில்லாத செய்தி, வீட்டுக்கு வரச் சொல்வது, இந்த மாதிரி ஒன்று காதில் விழுந்தால் அன்றே நிறுத்துங்கள், அன்றே பீடத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவர் ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. இதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லி, யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெண் விரிவுரையாளரின் பெயரையும் நம்பரையும் கொடுத்து வையுங்கள்.

12. நான்காவது சந்திப்போடு முடியுங்கள்

முடிவு என்று ஒன்று இருக்க வேண்டும். முடிவு இல்லாமல் விட்டால் இரண்டு பேருக்கும் கடன்பட்ட மாதிரி ஒரு உறுத்தல் மிஞ்சும். நான்காவது நாள் மாணவர் தன் முதல் பக்கத்தைக் கொண்டுவந்து மென்டர் முன்னால் வாசித்து, அந்தக் கேள்வி இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கேள்வியே மாறிப்போயிருந்தால் நல்லதுதான். பிறகும் பேசிக்கொள்வதா என்பது அவர்கள் விருப்பம், நீங்கள் விலகிவிடலாம்.

பெரிய விழா எடுக்காதீர்கள், சான்றிதழ் வேண்டும் என்றால் ஒரு தாளில் கொடுங்கள். மாணவர் மென்டருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், கையால், எந்த விஷயம் எப்படிப் பயன்பட்டது என்று எண்களோடும் திகதியோடும். மென்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடுத்த தடவையும் வருவீர்களா, உங்களுக்குத் தெரிந்த வேறு யாரைக் கேட்கலாம். மாணவரிடம் அனுமதி வாங்கி, வீட்டு விஷயங்களை மறைத்து, அந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள். அடுத்த தொகுதிக்குப் புது மென்டரிடம் போகும்போது பீடத்தின் கடிதத்துக்குக் கீழே அதையும் வைத்துக் கொடுங்கள்.